மாடியில் விழும் வெயிலுக்கு மானியம்: கரிசல் சீமை வீடுகளும் சூரிய மின்சாரமும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பதிக்க அரசு தரும் பண உதவி பல வடிவங்களில் வருகிறது. தகடு வாங்கும் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது மூலதன மானியம். குறைந்த வட்டிக் கடன், வரிக் குறைப்பு ஆகியவை இன்னொரு வகை. வீட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியம் கணக்கில் ஏற்றிக்கொண்டு, அந்த அளவுக்குக் கரண்ட் பில்லைக் குறைப்பது மூன்றாவது வகை. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் இந்த மூன்றும் கிடைக்கின்றன. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதை முடிவு செய்வது மானியத் தொகை மட்டுமல்ல, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் உள்ள யூனிட் எண்ணிக்கையும்தான்.

வெயிலும் நிலமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாகக் கிழக்கே விரியும் நிலம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியிருக்கும் மானாவாரிச் சீமை. மழை தவறும் ஆண்டுகளில் இங்கே பருத்தியும் உளுந்தும் மல்லியும் பொய்க்கும். வெயில் மட்டும் பொய்ப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் சூழும் நாட்களை விட்டால், ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாகவே இருக்கும். 1 கிலோவாட் திறனுள்ள தகடுகள் தமிழ்நாட்டில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தருகின்றன. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்கு மேல். இதற்கு நிழல் விழாத மொட்டைமாடியில் சுமார் 100 சதுர அடி இடம் போதும்.

இந்த வெயிலின் மதிப்பைப் பெருநிறுவனங்கள் முன்பே கண்டுகொண்டன. திருச்சுழிக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 2016-ஆம் ஆண்டு அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. சுமார் 2,500 ஏக்கர் பரப்பும் 4,550 கோடி ரூபாய் முதலீடும் கொண்ட அது, தொடங்கிய காலத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன் மின்சாரத்துக்கு ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. நீண்டகாலத்துக்கு உறுதி செய்யப்பட்ட அந்த விலையும் ஓர் ஊக்கத்தொகைதான். அதே வெயில் விழும் வீட்டு மாடிகளுக்கு உரிய ஊக்கம் பின்னர்தான் முழு வடிவம் பெற்றது.

திட்டங்கள் கடந்து வந்த வழி

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு அரசு பணம் தரும் வழக்கத்தை உலகில் வலுவாக வேரூன்றச் செய்த நாடு ஜெர்மனி. 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கிய அந்நாடு, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, வீட்டில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டையும் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்க உறுதி தந்தது. இலங்கை 2016 செப்டம்பரில் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம் இதே வழியைப் பின்பற்றியது. வீட்டிலிருந்து மின்தொகுப்புக்குப் போகும் யூனிட்டுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாயும் அதன்பின் 15 ரூபாய் 50 காசும் தர அது முன்வந்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சூரிய ஒளி முதலில் வந்தது விளக்காகத்தான். 2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒன்றுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 30 ஆயிரம் ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து விளக்குகள் பொருத்தப்பட்டன. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள் என்பது இலக்கு. இந்த விளக்குகள் பேட்டரியில் இயங்கின. மின்வாரியக் கம்பியோடு இணையாததால் அவற்றால் கரண்ட் பில் குறையவில்லை.

2012 அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை, வீட்டுக்காரரை மின் உற்பத்தியாளராகவும் பார்த்தது. 2014 மார்ச் 31-க்குள் அமைக்கப்படும் கூரைத் தகடுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாயும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாயும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசும் உற்பத்தி ஊக்கத்தொகையாக அறிவிக்கப்பட்டன. மத்திய அரசின் 30 விழுக்காடு மானியத்தோடு மாநில அரசு கிலோவாட்டுக்கு 20 ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தரும் திட்டமும் அதே காலத்தில் வந்தது. 1 கிலோவாட் அமைக்க ஒரு லட்சம் ரூபாய் ஆன காலம் அது. பாதி விலைக்குக் கிடைத்தும், மீதிப் பாதி சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகையாகவே இருந்தது.

2019 மார்ச்சில் மத்திய அரசு மானியத்தை 3 கிலோவாட் வரை 40 விழுக்காடாக உயர்த்தியது. 2024 பிப்ரவரியில் 'பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்' வந்தது. 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2026-27-க்குள் ஒரு கோடி வீடுகளில் தகடு பதிப்பது அதன் இலக்கு. இன்று அருப்புக்கோட்டையில் மாடியில் தகடு வைக்க நினைக்கும் குடும்பம் நம்பியிருப்பது இந்தத் திட்டத்தைத்தான்.

இன்றைய மானியம்

முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30 ஆயிரம் ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18 ஆயிரம். ஆக 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் மானியம் 78 ஆயிரத்தைத் தாண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு அமைத்தால் கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் கிடைக்கும். அரசு முதல் 2 கிலோவாட்டின் அடிப்படை விலையைக் கிலோவாட்டுக்கு 50 ஆயிரம் என்று வைத்து அதில் 60 விழுக்காட்டையும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 45 ஆயிரம் என்று வைத்து அதில் 40 விழுக்காட்டையும் தருகிறது. சந்தையில் விற்பனையாளர் கேட்கும் விலை இந்த அடிப்படை விலைக்கு மேல் போனால், கூடுதல் முழுவதும் வீட்டுக்காரரின் கைச்செலவு.

மானியம் பெறச் சில நிபந்தனைகள் உண்டு. வீட்டு மின் இணைப்பு இருக்க வேண்டும். தகடு பதிக்கத் தகுந்த கூரை இருக்க வேண்டும். முன்பு இதே உதவியைப் பெற்றிருக்கக் கூடாது. தகடும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகடு பதித்தபின் மின்வாரியம் இருவழி மீட்டரைப் பொருத்தும். ஆய்வு முடிந்து இயக்கச் சான்று ஏறியதும் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். 10 கிலோவாட் வரையிலான வீட்டு விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய விதிகள் திருத்தப்பட்டதால் ஒரு தாமதம் நீங்கியது.

மானியம் கடைசியில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முழுத் தொகையையும் முதலில் புரட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அதற்காகவே அரசு வங்கிகள் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் பிணையில்லாக் கடன் தருகின்றன. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு அரை விழுக்காடு சேர்த்து வட்டி என்பது இதன் அடிப்படை. திட்டம் தொடங்கியபோது 7 விழுக்காட்டுக்கு அருகில் இருந்த வட்டி, 2025-இல் ரெப்போ இறங்கியதால் 6 விழுக்காட்டை ஒட்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின்கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. தகடும் பொருத்தும் பணியும் சேர்ந்த ஒப்பந்தத்தில் மொத்த வரிச்சுமை 13.8 விழுக்காட்டிலிருந்து 8.9 விழுக்காடாக இறங்கியது.

பில்லில் உள்ள படிக்கட்டு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின், 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசும், 400 வரை 4 ரூபாய் 70 காசும், 500 வரை 6 ரூபாய் 30 காசும் கட்டுகிறது. 500-ஐத் தாண்டினால் 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடும். 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் 11 ரூபாய் 55 காசு. இதன்படி 200 யூனிட் வீட்டுக்கு 235 ரூபாயும், 300 யூனிட் வீட்டுக்கு 705 ரூபாயும், 500 யூனிட் வீட்டுக்கு 1,805 ரூபாயும், 800 யூனிட் வீட்டுக்கு 4,770 ரூபாயும் ஆகின்றன. 500 யூனிட்டில் நின்ற வீடு 510-ஐத் தொட்டால், அந்தப் பத்து யூனிட்டுக்காக 319 ரூபாய் கூடுதலாகக் கட்டும்.

இருவழி மீட்டர் பொருத்திய வீட்டில், பகலில் மிஞ்சும் மின்சாரம் வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் வாரிய மின்சாரம் வரும். போனதைக் கழித்து மிஞ்சும் யூனிட்டுக்குப் படிநிலைக் கட்டணம். வீட்டுத் தகடு முதலில் வெட்டுவது படிக்கட்டின் உச்சியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டை. 800 யூனிட் வீடு தன் மாடியில் செய்யும் முதல் யூனிட்டால் மிச்சமாவது 9 ரூபாய் 45 காசு, கமுதி ஒப்பந்த விலையையும் விட அதிகம். 200 யூனிட் வீட்டுக்கு மிச்சமாவது 2 ரூபாய் 35 காசு மட்டுமே.

ஒரு கணக்கு

1 கிலோவாட் அமைக்க 70 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு, வாரியம் வசூலிக்கும் வலையமைப்புக் கட்டணத்தைச் சேர்க்காமல் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மானியம் போக 1 கிலோவாட்டின் கைச்செலவு 40 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 80 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கு 1 லட்சத்து 32 ஆயிரம்.

200 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் வைத்தால் பில் முழுவதும் போகும். ஆனால் அந்தப் பில்லே ஆண்டுக்கு 1,410 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப 28 ஆண்டு ஆகும். தகட்டின் ஆயுளோ சுமார் 25 ஆண்டு. 300 யூனிட் வீட்டில் ஆண்டு மிச்சம் 4,230 ரூபாய். ஒன்பதரை ஆண்டில் முதல் திரும்பும். 500 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 7,728 ரூபாய் மிச்சம். ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். அதே வீட்டில் 2 கிலோவாட் வைத்தால் பில் வராது. ஆனாலும் முதல் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும், ஏனெனில் இரண்டாவது கிலோவாட் வெட்டுவது மலிவான யூனிட்டுகளை. 800 யூனிட் வீட்டில் 2 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 23,826 ரூபாய் மிச்சம். மூன்றரை ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் அதற்கு மட்டும் 52 ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவாகி, ஆண்டுக்கு 4,794 ரூபாய்தான் கூடுதலாக மிச்சமாகும்.

கடன் வாங்கினாலும் இதே பாடம்தான். 6 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுத் தவணைக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 1,110 ரூபாய் கட்ட வேண்டும். 80 ஆயிரம் கடன் வாங்கிய 800 யூனிட் வீடு இரண்டு மாதத்துக்கு 1,776 ரூபாய் தவணை கட்டும். பில்லில் 3,971 ரூபாய் மிச்சப்படும். 40 ஆயிரம் கடன் வாங்கிய 300 யூனிட் வீடு இரண்டு மாதத்துக்கு 888 ரூபாய் கட்டும்; மிச்சம் 705 ரூபாய். கடன் முடியும் வரை அந்த வீட்டுக்குக் கையைக் கடிக்கும்.

பில்லைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பில்லை இல்லாமலே ஆக்கும் அளவுக்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. 500-க்கு மேல் ஓடும் வீட்டை 300 அளவுக்கு இறக்கும் சிறிய அமைப்பே அதிக லாபம் தரும். குளிரூட்டி, நீர்மூழ்கி மோட்டார், மின்சார ஸ்கூட்டர் என்று வீட்டுத் தேவை வளரவிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

நெசவு வீடும் ஓட்டு வீடும்

அருப்புக்கோட்டை நெசவு ஊர். வீட்டிலேயே தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் 2023 முதல் மாநில அரசு இலவசமாகத் தருகிறது. இந்தச் சலுகை நெசவாளர் வாழ்க்கைக்கு அவசியமானது. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பில்லே வராத வீட்டில் சூரியத் தகட்டால் மிச்சமாக ஒன்றுமில்லை. விசைத்தறி இணைப்பு வீட்டு இணைப்பு அல்ல என்பதால் அதற்கு இந்த மானியமும் கிடையாது.

கிராமங்களில் இன்னொரு தடை கூரை. ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் தகட்டின் பாரத்தையும் ஆடிக் காற்றையும் தாங்கும் சட்டம் அமைப்பது கடினம். வாடகைக்குக் குடியிருப்போர்க்குக் கூரையே சொந்தமில்லை. பட்டா ஒருவர் பெயரிலும் மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலும் இருக்கும் வீடுகள் முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும். மானியம் அதிகம் தேவைப்படும் குடும்பங்களே இப்படி வரிசைக்கு வெளியே நிற்கின்றன. குஜராத்தும் மகாராஷ்டிரமும் இத்திட்டத்தில் வேகமாக முன்னேற, வெயில் நிறைந்த தமிழ்நாடு பின்தங்கியிருப்பதற்கு இலவச யூனிட்டும் தாழ்ந்த படிகளும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பத் திட்டத்துக்குள்ளேயே இரண்டு வழிகள் உள்ளன. 2024 டிசம்பரில் வெளியான வழிகாட்டுதலின்படி, மின்வாரியமோ ஒரு நிறுவனமோ தன் செலவில் வீட்டுக் கூரையில் தகடு பதிக்கலாம். வீட்டுக்காரர் முன்பணம் புரட்ட வேண்டியதில்லை. மற்றொன்று மாதிரிச் சூரிய கிராமம். மாவட்டத்துக்கு ஒரு கிராமம் என்று 5,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குள் போட்டி வைத்து, வெல்லும் ஊருக்கு ஒரு கோடி ரூபாய் தரப்படும். பள்ளி, ஊராட்சிக் கட்டடம், குடிநீர் மோட்டார், தெருவிளக்கு ஆகியவற்றைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் ஓட்டு வீட்டுக்காரரும் அதன் பலனைப் பெறுவார். தண்ணீருக்கு மோட்டாரையே நம்பியிருக்கும் இந்த வறண்ட சீமைக்கு, தனித்தனி மாடிகளைவிட இப்படிப்பட்ட பொது அமைப்பே நியாயமானது.

மற்ற உதவிகள்

விவசாயக் கிணறுகளுக்கு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் சூரிய பம்புசெட்டுக்கு உதவுகிறது. மத்திய அரசும் மாநில அரசும் தலா குறைந்தது 30 விழுக்காடு ஏற்பது அதன் அமைப்பு. மின் இணைப்புக்காகக் காத்திருக்கும் கிணற்றுக்கும், கம்பி எட்டாத மல்லிகைத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் இன்னொரு வாய்ப்பு. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2025-26 வரை வகுக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் 1 முதல் 25 கன மீட்டர் வரையிலான சிறு கலன்களுக்கு அளவுக்கேற்ப 9,800 ரூபாய் முதல் 70,400 ரூபாய் வரை உதவி வைக்கப்பட்டது.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

கரிசல் காட்டுப் புழுதி தகட்டில் படிந்தால் உற்பத்தி குறையும். கோடையில் மாதம் இருமுறையாவது துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் படியும் என்பதால் நல்ல தண்ணீரோ சேமித்த மழைநீரோ பயன்படுத்துவது நல்லது. வெயிலின் சூடு ஏற ஏறத் தகட்டின் திறன் சற்றுக் குறையும். எனவே தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட இடம் விட வேண்டும். பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டு நேரத்துக்கும் மின்சாரம் வேண்டுமானால் பேட்டரி வாங்க வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் இல்லை.

மொத்தச் செலவும் இலவசம் என்று சொல்லி வீடு தேடி வருவோரிடம் எச்சரிக்கை தேவை. பட்டியலில் உள்ள விற்பனையாளரா என்று இணையதளத்தில் பார்த்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, ஐந்து ஆண்டுப் பராமரிப்பை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் தர வேண்டும். அதற்கும் முன்னால் கடந்த ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சராசரி 300-க்குக் கீழே இருந்தால் அவசரம் வேண்டாம். 500-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால் 1 அல்லது 2 கிலோவாட் அமைப்பு சில ஆண்டுகளில் தன் செலவை அடைத்து, அதன்பின் இருபது ஆண்டுக்குக் குடும்பத்துக்கு உழைக்கும்.